நைட்ரிக் ஆக்ஸைடு ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்களை என்ன பண்ணுது: செடியில அளந்து பாக்குறதுக்கு முழுமையான வழிகாட்டி

செடிக்கு எஸ்.என்.பி (நைட்ரிக் ஆக்ஸைடு விடுற ஒரு பொருள், இந்த மாதிரி பொருளை டோனர்னு சொல்லுவாங்க) ஊத்தி, இலையை அரைச்சு, கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்ஸைடை உடைக்கிற என்சைம்) அளந்து, "நைட்ரிக் ஆக்ஸைடு கேட்டலேஸை கூட்டுது"ன்னு எழுதிடுறவங்க நிறைய பேர். அந்த நம்பர் சரியாவே இருக்கலாம், ஆனா அது எதோட நம்பர்ங்கிறதுதான் பிரச்சினை. என்சைம் அளவு கூடுச்சா, இருக்கிற என்சைம் வேகமாச்சா, இல்ல டோனர்ல இருந்து வந்த சயனைடு வேலையா, இதெல்லாம் ஒரே ரீடிங்ல கலந்து கிடக்கும். இதைப் பிரிக்கணும்னா ஸ்டெப் எந்த வரிசையில வருதுங்கிறது ரொம்ப முக்கியம். புதுசா வர்றவங்க தடுமாறுற இடங்களைப் பக்கத்துல இருந்து பாத்து பாத்து, நான் இப்போ பண்ற வரிசையை அப்படியே எழுதுறேன்.

1. முதல்ல கேள்வியைப் பிரிச்சுக்கோங்க

நைட்ரிக் ஆக்ஸைடு இந்த என்சைம்களைத் தொடுறதுக்கு மூணு வழி இருக்கு. மூணுக்கும் நேரக்கணக்கு வேற, அதனால எந்த வழியைப் பாக்கப் போறோம்னு முடிவு பண்ணாம சாம்பிள் எடுக்கிற நேரத்தை முடிவு பண்ணவே முடியாது.

முதல் வழி என்சைமையே தொடாது. நைட்ரிக் ஆக்ஸைடு நேரா சூப்பர் ஆக்ஸைடு (ஆக்ஸிஜன்ல இருந்து வர்ற, சேதம் பண்ணக்கூடிய ஒரு பொருள்) கூட சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் ஆயிடும். இந்த ரியாக்‌ஷனோட வேக மாறிலி ஒரு மோலாருக்கு ஒரு செகண்டுக்கு சுமார் 670 கோடியில இருந்து 1,900 கோடி வரைக்கும் அளந்திருக்காங்க, எஸ்.ஓ.டி (சூப்பர் ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடா மாத்துற சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்சைம்) சூப்பர் ஆக்ஸைடை பிடிக்கிற வேக மாறிலி சுமார் 200 கோடிதான். அதாவது நைட்ரிக் ஆக்ஸைடு போதுமான அளவு இருந்தா எஸ்.ஓ.டி கையில இருந்தே சூப்பர் ஆக்ஸைடை பறிச்சுட்டுப் போயிடும். என்சைம் ஒண்ணும் மாறலை, ஆனா ஹைட்ரஜன் பெராக்ஸைடு குறைஞ்சிருக்கும்.

ரெண்டாவது வழி, இருக்கிற என்சைம் புரதத்தையே மாத்துறது. இதுலயே உள்பிரிவு உண்டு. கேட்டலேஸ்லயும், ஏ.பி.எக்ஸ்லயும் (அஸ்கார்பேட்டை வச்சு ஹைட்ரஜன் பெராக்ஸைடை உடைக்கிற அஸ்கார்பேட் பெராக்ஸிடேஸ்) நடுவுல ஹீம் இரும்பு இருக்கு, நைட்ரிக் ஆக்ஸைடு அதுல போய் ஒட்டிக்கும், ஒட்டினா என்சைம் நிக்கும், விலகினா திரும்ப ஓடும். அப்புறம் புரதத்துல இருக்கிற சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலத்துல ஒட்டுற எஸ்-நைட்ரோசைலேஷன், இதையும் திருப்ப முடியும். டைரோசின்ங்கிற அமினோ அமிலத்துல நடக்கிற நைட்ரேஷன் பெராக்ஸிநைட்ரைட் வழியா வர்றது, அது பெரும்பாலும் ஒட்டினா ஒட்டினதுதான். பட்டாணி ஏ.பி.எக்ஸ் இதுக்கு நல்ல உதாரணம்: சிஸ்டீன் 32ல (அதாவது 32-வது இடத்துல இருக்கிற சிஸ்டீன்) நைட்ரோசைலேஷன் நடந்தா ஆக்டிவிட்டி கூடுது, டைரோசின் 235ல நைட்ரேஷன் நடந்தா குறையுது. ஒரே என்சைம், ஒரே மூலப்பொருள், ரெண்டு எதிர் ரிசல்ட். மனுஷ மாங்கனீஸ் எஸ்.ஓ.டில டைரோசின் 34 நைட்ரேஷன் ஆனா என்சைம் முடங்கிடும்.

மூணாவது வழி ஜீன். என்சைம் எவ்வளவு தயாராகுதுங்கிறதே மாறுது. இது நிமிஷத்துல தெரியாது, மணிக்கணக்கு ஆகும்.

இந்த மூணுல எது உங்க கேள்வின்னு ஒரு வரியில நோட்டுல எழுதி வச்சுட்டு அடுத்த ஸ்டெப்புக்கு வாங்க. எழுத முடியலைன்னா பரிசோதனை இன்னும் ரெடி ஆகலைன்னு அர்த்தம்.

2. கைக்கு முன்னாடி இருக்க வேண்டியது

லிக்விட் நைட்ரஜன், கல்வம், 4 டிகிரியில ஓடுற சென்ட்ரிஃப்யூஜ், யூவி வரைக்கும் போற ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், குவார்ட்ஸ் குவெட். கேட்டலேஸ் 240 நானோமீட்டர்லயும் ஏ.பி.எக்ஸ் 290லயும் படிக்கிறது, சாதாரண பிளாஸ்டிக் குவெட் அந்த வெளிச்சத்தையே விழுங்கிடும். "ரீடிங் ஆடவே மாட்டேங்குது"ன்னு வர்றவங்க குவெட்டை முதல்ல வாங்கிப் பாப்பேன், பல தடவை அங்கேயே விஷயம் முடிஞ்சிடும்.

ஹைட்ரஜன் பெராக்ஸைடு பாட்டில் மேல 30 சதவீதம்னு போட்டிருக்கிறதை நம்பி நீர்க்க வைக்காதீங்க, திறந்து வச்சு பழசான பாட்டில்ல அந்த அளவு இருக்காது. 10 மில்லிமோலார்னு நினைச்சு தயார் பண்ணி 240 நானோமீட்டர்ல வைங்க, 1 சென்டிமீட்டர் குவெட்ல சுமார் 0.436 வரணும். வரலைன்னா அளவைத் திருத்துங்க. அஸ்கார்பேட் 0.5 மில்லிமோலார் 290ல சுமார் 1.4 காட்டணும், என்.ஏ.டி.பி.எச் (கிளூட்டாதயோன் ரிடக்டேஸ் அளக்கத் தேவைப்படுற பொருள்) 0.2 மில்லிமோலார் 340ல சுமார் 1.24 காட்டணும். இந்த மூணு செக்கும் சேர்ந்து பத்து நிமிஷ வேலை, ஒரு வார ரீடிங்கை காப்பாத்தும்.

பஃபர்ல சோடியம் அசைடு இருக்கக்கூடாது, பூஞ்சை வராம இருக்கட்டும்னு சில பேர் பொதுவான ஸ்டாக்ல போட்டு வச்சிருப்பாங்க, அசைடு கேட்டலேஸை அப்படியே நிறுத்திடும்.

3. டோனரைத் தேர்ந்தெடுக்கிறது

செடி வேலையில எல்லாரும் முதல்ல எடுக்கிறது சோடியம் நைட்ரோபுருசைடு, அதாவது எஸ்.என்.பி. விலை குறைவு, தண்ணியில நல்லா கரையும், மணிக்கணக்கா நைட்ரிக் ஆக்ஸைடு விடும். ஆனா அது விடுறதுக்கு வெளிச்சமோ, அஸ்கார்பேட், தயோல் மாதிரி ரிடியூசிங் பொருளோ வேணும். இருட்டுல வச்ச செடிக்கு எஸ்.என்.பி குடுத்துட்டு விளைவே இல்லைன்னு சொல்றது நியாயம் இல்ல.

அதைவிடப் பெரிய சிக்கல், எஸ்.என்.பியோட ஒவ்வொரு மூலக்கூறுலயும் அஞ்சு சயனைடு இருக்கு. சயனைடு கேட்டலேஸ், ஏ.பி.எக்ஸ், காப்பர்-ஜிங்க் எஸ்.ஓ.டி மூணையும் தடுக்கிற பொருள். அதாவது நம்ம அளக்கப் போற அதே என்சைம்களைத் தொடுற இன்னொரு ஆளும் அதே பாட்டில்ல உக்காந்திருக்கான். எஸ்.என்.பி பயன்படுத்தாதீங்கன்னு சொல்லல, நானும் முதல் சுற்றுக்கு அதைத்தான் எடுக்கிறேன், ஆனா அதோட மட்டும் நின்னுட்டு முடிவு எழுதாதீங்க.

ரெண்டாவது டோனர் ஒண்ணு வேற குடும்பத்துல இருந்து எடுங்க. ஜி.எஸ்.என்.ஓ (எஸ்-நைட்ரோசோ கிளூட்டாதயோன்) நல்லது, ஏன்னா செல்லுக்குள்ளேயே இருக்கிற பொருள், ஆனா அது நைட்ரிக் ஆக்ஸைடை விடுறதை விட நேரா சிஸ்டீனுக்கு கை மாத்துற வேலையை அதிகம் பண்ணும். நோனோயேட் வகை இன்னும் சுத்தமா விடும், பி.எச்சும் வெப்பமும்தான் அதுக்கு சாவி. டி.இ.ஏ-நோனோயேட் 37 டிகிரி, பி.எச் 7.4ல அரை ஆயுள் சுமார் 2 நிமிஷம், டி.இ.டி.ஏ-நோனோயேட்டுக்கு அதே நிலையில சுமார் 20 மணி நேரம். இந்த வித்தியாசம் தெரியாம முதல் வகையை செடிக்கு ஊத்தி 24 மணி நேரம் காத்திருந்தவங்க இருக்காங்க, அவங்க ஊத்தி முடிக்கும்போதே பாதி போயிருக்கும். நோனோயேட் ஸ்டாக்கை 10 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடுல வைங்க, காரத்துல அது அடங்கி இருக்கும்.

எஸ்.என்.பி கரைசலை அன்னன்னைக்கு தயார் பண்ணுங்க, ஃபாயில் சுத்தின குழாய்ல வைங்க. லேசான பழுப்பு இருந்தா சரி. நீலமோ பச்சையோ ஆயிடுச்சுன்னா அது உடைஞ்சாச்சு, அதைப் பயன்படுத்தாதீங்க. அப்புறம், மிச்சமான எஸ்.என்.பியை ஆசிட் கழிவுல ஊத்தவே கூடாது, ஆசிட்ல சயனைடு வாயுவா வெளிய வரலாம். கழிவுக்கு தனி பாட்டில், மேல பெயர் எழுதி.

4. கண்ட்ரோல் குரூப்: இங்க சிக்கனம் பாக்காதீங்க

எட்டு குரூப் வைங்க. வெறும் தண்ணி. எஸ்.என்.பி மட்டும். ஸ்ட்ரெஸ் மட்டும், உதாரணத்துக்கு 100 மில்லிமோலார் உப்பு. ஸ்ட்ரெஸ் கூட எஸ்.என்.பி. ஸ்ட்ரெஸ், எஸ்.என்.பி, அது கூட சி-பி.டி.ஐ.ஓ (நைட்ரிக் ஆக்ஸைடை பிடிச்சு நீக்குற பொருள்). சி-பி.டி.ஐ.ஓ மட்டும். தீர்ந்துபோன எஸ்.என்.பி. பொட்டாசியம் ஃபெரோசயனைடு.

தீர்ந்துபோன எஸ்.என்.பின்னா, அதே கரைசலை மூடாம வெளிச்சத்துல பல நாள் வச்சு நைட்ரிக் ஆக்ஸைடு எல்லாம் போன பிறகு எடுக்கிறது. இரும்பும் சயனைடும் சேர்ந்த மிச்சம் அதுல இருக்கும், நைட்ரிக் ஆக்ஸைடு இருக்காது. ஃபெரோசயனைடும் அதே நோக்கத்துக்குத்தான், ஆனா அது அவ்வளவு சுலபமா சயனைடு விடாது, அதனால அதை மட்டும் நம்பி "சயனைடு விளைவு இல்ல"ன்னு எழுதினா நல்ல ரிவ்யூவர் பிடிச்சிடுவார். ரெண்டும் வைங்க.

சி-பி.டி.ஐ.ஓ நைட்ரிக் ஆக்ஸைடை விழுங்குது, சரிதான், ஆனா விழுங்கும்போது நைட்ரஜன் டை ஆக்ஸைடா மாத்தி வெளிய விடுது, அதுவும் சும்மா இருக்கிற பொருள் இல்ல. அதனாலதான் சி-பி.டி.ஐ.ஓ மட்டும் உள்ள குரூப் வேணும்ங்கிறேன். 100ல இருந்து 200 மைக்ரோமோலார் வரைக்கும் பொதுவா பயன்படுத்துவாங்க.

எல்-நேம் மாதிரி பாலூட்டிகளோட நைட்ரிக் ஆக்ஸைடு சிந்தேஸை தடுக்கிற மருந்தை செடிக்கு குடுத்து முடிவு எடுக்காதீங்க. நிலத்துச் செடிகள்ல அந்த மாதிரி ஜீன் இதுவரைக்கும் கிடைக்கலை, அப்போ மருந்து எதைத் தடுக்குதுன்னே சொல்ல முடியாது.

5. ட்ரீட்மென்ட்டும் நேரமும்

டோஸ் ஒண்ணு மட்டும் வைக்காதீங்க. 10, 50, 100, 200, 500 மைக்ரோமோலார்னு ஒரு சின்ன பைலட் ஓட்டுங்க. குறைஞ்ச அளவுல பாதுகாக்கிற மாதிரி தெரியுறது, அதிக அளவுல அதே திசுவை சேதப்படுத்தும், மணி வடிவ வளைவு வர்றது இந்த வேலையில சகஜம். ஒரே டோஸ் வச்சா நீங்க வளைவோட ஏறுற பக்கம் நிக்கிறீங்களா இறங்குற பக்கம் நிக்கிறீங்களான்னே தெரியாது.

எஸ்.என்.பி தட்டையும் கண்ட்ரோல் தட்டையும் ஒரே மூடின பெட்டியில வைக்காதீங்க. இதை எத்தனை தடவை சொல்லியும் திரும்பத் திரும்ப நடக்கும். நைட்ரிக் ஆக்ஸைடு ஒரு வாயு, பக்கத்து தட்டுக்குப் போயிடும், கண்ட்ரோல் செடியும் ட்ரீட்மென்ட் வாங்கினதாயிடும், கடைசியில "வித்தியாசம் இல்ல"ன்னு ரிசல்ட் வரும். தனித்தனி பெட்டி, ஒரே வெளிச்சம், ஒரே வெப்பம்.

சாம்பிள் நேரம் உங்க கேள்வியைப் பொறுத்து. புரதத்தோட நேரடி மாற்றம் வேணும்னா 15 நிமிஷம், 30 நிமிஷம், 1 மணி, 2 மணி. ஜீன் வழி வேணும்னா 6, 12, 24, 48 மணி. ரெண்டும் வேணும்னா ரெண்டு செட். 24 மணி நேரத்துல மட்டும் ஒரே ஒரு சாம்பிள் எடுத்துட்டு நைட்ரோசைலேஷன் பத்தி டிஸ்கஷன்ல ரெண்டு பக்கம் எழுதுறதை நான் பாத்திருக்கேன், அந்த டேட்டா அந்த வாக்கியத்தைத் தாங்காது.

நைட்ரிக் ஆக்ஸைடு உண்மையிலேயே திசுவுக்குள்ள போச்சான்னு தனியா ஒரு செக் வேணும். டி.ஏ.எஃப்-எஃப்.எம் சாயம் பயன்படுத்தலாம், ஆனா அது நைட்ரிக் ஆக்ஸைடு கூட நேரா சேராம அதோட ஆக்ஸிஜனேற்றப் பொருள் கூடத்தான் சேரும், டீஹைட்ரோ அஸ்கார்பேட் கூடவும் சேர்ந்து ஒளிரும். ஸ்ட்ரெஸ்ல டீஹைட்ரோ அஸ்கார்பேட் கூடுற இடத்துல இது ஏமாத்தும். சி-பி.டி.ஐ.ஓ போட்டா ஒளி குறையுதான்னு சேர்த்துப் பாத்தாதான் நம்பலாம். கிரீஸ் (Griess) முறை நைட்ரைட்டைத்தான் அளக்கும், நைட்ரேட்டைப் பாக்கணும்னா முன்னாடியே ரிடியூஸ் பண்ணணும்.

6. அரைக்கிறது: பாதி தப்பு இங்கதான் நடக்குது

இலையை எடுத்ததும் கழுவி, ஒத்தி எடுத்து, லிக்விட் நைட்ரஜன்ல போடுங்க. கழுவாம விட்டா மேல ஒட்டின டோனர் எக்ஸ்ட்ராக்ட்டுக்குள்ள வந்து, அரைக்கும்போது வர்ற அஸ்கார்பேட்டும் தயோலும் அதை உடைச்சு, செடிக்குள்ள நடக்காத ஒரு ரியாக்‌ஷனை குழாய்க்குள்ள நடத்தி வைக்கும்.

ரெண்டு எக்ஸ்ட்ராக்ட் தனித்தனியா பண்ணணும். எஸ்.ஓ.டி, கேட்டலேஸ், கிளூட்டாதயோன் ரிடக்டேஸ் எல்லாத்துக்கும் ஒண்ணு: 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர், பி.எச் 7.8, 1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ (உலோக அயனிகளைப் பிடிச்சு வைக்கிற பொருள்), 1 சதவீதம் பி.வி.பி. பி.வி.பி எதுக்குன்னா இலையில இருக்கிற ஃபீனால் எல்லாம் புரதத்துல ஒட்டாம பிடிச்சு வைக்க. எக்ஸ்ட்ராக்ட் பழுப்பாகுதுன்னா பி.வி.பி பத்தலைன்னு அர்த்தம்.

ஏ.பி.எக்ஸுக்கு தனி எக்ஸ்ட்ராக்ட், அதே பஃபர், பி.எச் 7.0, கூட 5 மில்லிமோலார் அஸ்கார்பேட். குளோரோபிளாஸ்ட் ஏ.பி.எக்ஸ் அஸ்கார்பேட் இல்லாம ஒரு நிமிஷம் கூட தாங்காது, செத்துடும். ஒரே எக்ஸ்ட்ராக்ட்ல எல்லாத்தையும் அளந்துட்டு "நைட்ரிக் ஆக்ஸைடு ஏ.பி.எக்ஸை குறைச்சிடுச்சு"ன்னு சொல்றவங்க உண்மையில தங்களோட பஃபர் குறைச்சதைத்தான் அளந்திருப்பாங்க. சரி, எல்லாத்துலயும் அஸ்கார்பேட் போட்டா என்னன்னா, அது எஸ்.ஓ.டி அளக்கிறதுக்குப் போடுற என்.பி.டி சாயத்தை (சூப்பர் ஆக்ஸைடு பட்டா நிறம் வர்றது) நேரா ரிடியூஸ் பண்ணி அந்த ரீடிங்கை கெடுக்கும்.

இதுல இன்னொரு முடிச்சு இருக்கு, இதை யாரும் ஆரம்பத்துல சொல்லித் தர்றதில்ல. எஸ்-நைட்ரோசைலேஷனைப் பாக்குற பயோட்டின் ஸ்விட்ச் முறையில, அந்த ஒட்டை உடைக்கப் பயன்படுத்துற பொருளே அஸ்கார்பேட்தான். ஏ.பி.எக்ஸை உயிரோட வைக்க நாம போடுற அதே அஸ்கார்பேட், நைட்ரிக் ஆக்ஸைடு அதுல போட்ட குறியையும் அழிக்கலாம். அதனால ஈ.டி.டி.ஏ கட்டாயம் இருக்கட்டும், காப்பர் அயனி இருந்தா இந்த உடைப்பு வேகமாகும். வெளிச்சத்தை குறைச்சு வேலை பண்ணுங்க. டி.டி.டி, மெர்காப்டோஎத்தனால் (ரெண்டும் தயோல் வகை ரிடியூசிங் பொருள்) ரெண்டும் இந்த எக்ஸ்ட்ராக்ட்ல வேண்டாம், வழக்கமா புரத பஃபர்ல போடுறதை பழக்க தோஷத்துல இங்கேயும் போட்டுட்டா குறி மொத்தமா போயிடும்.

1 பங்கு திசுவுக்கு 5ல இருந்து 10 பங்கு பஃபர், 4 டிகிரியில 12,000 ஜி, 20 நிமிஷம். மேல நிக்கிறதை எடுத்து ஐஸ்ல வைங்க. முடிஞ்சா அன்னைக்கே அளந்துடுங்க.

7. சின்ன மூலக்கூறுகளை வெளிய எடுக்கிறது

இந்த ஸ்டெப்பை தாண்டிப் போறவங்கதான் அதிகம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. எக்ஸ்ட்ராக்டை ஒரு செஃபாடெக்ஸ் ஜி-25 காலம் (column, சின்ன மூலக்கூறுகளைப் புரதத்துல இருந்து பிரிக்கிற குழாய்) வழியா விட்டு, மீதி டோனர், நைட்ரைட், கிளூட்டாதயோன், ஃபீனால் எல்லாத்தையும் பிரிச்சுடுங்க. ஏ.பி.எக்ஸுக்கு விடும்போது காலத்தை அஸ்கார்பேட் போட்ட பஃபர்ல கழுவிட்டு விடணும், மறந்தா காலத்துக்குள்ளேயே என்சைம் போயிடும்.

காரணம் அடுத்த ஸ்டெப்ல வர்ற எஸ்.ஓ.டி முறை. அது சூப்பர் ஆக்ஸைடை யார் பறிக்கிறாங்கன்னுதான் பாக்கும், பறிச்சது என்சைமா, மிச்சமிருந்த நைட்ரிக் ஆக்ஸைடான்னு அதுக்குத் தெரியாது.

காலத்துல இருந்து வெளிய வந்ததுல புரத அளவு பாருங்க, பிராட்ஃபோர்ட் போதும், 595 நானோமீட்டர். காலத்துக்கு முன்னாடி எடுத்த புரத அளவை வச்சு கணக்கு போட்டுடாதீங்க, காலம் எக்ஸ்ட்ராக்டை நீர்க்க வச்சிருக்கும்.

8. எஸ்.ஓ.டி

கலவை: 50 மில்லிமோலார் பாஸ்பேட் பி.எச் 7.8, 13 மில்லிமோலார் மெத்தியோனின், 75 மைக்ரோமோலார் என்.பி.டி, 0.1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ, கடைசியா 2 மைக்ரோமோலார் ரிபோஃபிளேவின். ரிபோஃபிளேவின் கடைசியாப் போறதுக்கு காரணம், வெளிச்சம் பட்டதும் சூப்பர் ஆக்ஸைடு தயாரிப்பு அதுல இருந்துதான் ஆரம்பிக்குது, முதல்ல போட்டுட்டா ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு நேரத்துல ஓட ஆரம்பிச்சுடும்.

எல்லா குழாயும் லைட்டுல இருந்து ஒரே தூரத்துல நிக்கணும். ஓரத்துல நிக்கிற குழாய்க்கும் நடுவுல நிக்கிறதுக்கும் நிறம் வேற வேற வரும், இடத்தை மாத்தி மாத்தி வச்சு ரிபீட் பண்ணுங்க. 10ல இருந்து 15 நிமிஷம் வெளிச்சம், அப்புறம் லைட்டை அணைச்சு 560ல படிக்கணும். என்சைம் இல்லாத குழாய் அதிக நிறம் காட்டும், இருட்டுல வச்ச குழாய் பிளாங்க்.

50 சதவீதம் நிறம் குறைக்கிற அளவுதான் 1 யூனிட். இந்த உறவு நேர்கோடு இல்ல, அதனால ஒரே அளவு எக்ஸ்ட்ராக்ட் போட்டு 85 சதவீதம் தடுப்பு வந்துச்சுன்னு 1.7 யூனிட் போடுறது தப்பு. 5, 10, 20, 40 மைக்ரோலிட்டர்னு போட்டு வளைவு வரைஞ்சு 50 எங்க விழுதுன்னு பாருங்க. கொதிக்க வச்ச எக்ஸ்ட்ராக்ட் ஒரு குழாய்ல கட்டாயம். அதுவும் நிறத்தைத் தடுக்குதுன்னா ஜி-25 ஸ்டெப் சரியா நடக்கலை, திரும்பிப் போங்க.

எந்த எஸ்.ஓ.டி மாறுச்சுன்னு தெரியணும்னா ஜெல் ஓட்டுங்க. சயனைடு காப்பர்-ஜிங்க் வகையை அணைக்கும், ஹைட்ரஜன் பெராக்ஸைடு காப்பர்-ஜிங்கையும் இரும்பு வகையையும் அணைக்கும், ரெண்டையும் தாங்கி நிக்கிறது மாங்கனீஸ். மொத்த எஸ்.ஓ.டி மாறாம இருந்தும் உள்ள ஒண்ணு ஏறி இன்னொண்ணு இறங்கியிருக்கலாம், குழாய் அதைக் காட்டாது.

9. கேட்டலேஸ்

50 மில்லிமோலார் பாஸ்பேட் பி.எச் 7.0, 10 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்ஸைடு, எக்ஸ்ட்ராக்ட் போட்டதும் 240ல இறங்குறதைப் பாருங்க. முதல் 1 நிமிஷம் மட்டும் எடுங்க, பெராக்ஸைடு அதிகமானா கேட்டலேஸையே அது கெடுக்கும், நேரம் போகப் போக கோடு வளையும். குமிழி வந்து ரீடிங் குதிச்சா எக்ஸ்ட்ராக்ட் அதிகம், நீர்க்க வைங்க.

இங்க ஒரு விஷயம் மனசுல இருக்கணும். நைட்ரிக் ஆக்ஸைடு கேட்டலேஸ் ஹீம்ல ஒட்டி தடுக்கிறது ரொம்ப பலமானது, மைக்ரோமோலாருக்கும் கீழ இருக்கிற அளவே போதும். ஆனா அது திரும்பக்கூடிய தடுப்பு. நீங்க திசுவை அரைச்சு, பல மடங்கு நீர்க்க வச்சு, காலம் வழியா விட்டு, குவெட்ல போடுற நேரத்துக்குள்ள அந்த நைட்ரிக் ஆக்ஸைடு எல்லாம் கழண்டு போயிருக்கும். செடிக்குள்ள கேட்டலேஸ் நின்னுபோயிருந்தாலும் உங்க குவெட்ல அது ஜம்முன்னு ஓடும். அதனால இந்த முறையில "கேட்டலேஸ்ல மாற்றம் இல்ல"ன்னு வந்தா, செடிக்குள்ள தடுப்பு நடக்கலைன்னு அர்த்தமே இல்ல. நாம அளக்கிறது என்சைம் எவ்வளவு இருக்கு, கழட்ட முடியாத மாற்றம் ஏதாவது ஒட்டியிருக்கா, அவ்வளவுதான். இதை ரிசல்ட் எழுதும்போது நேரா ஒரு வரியில எழுதுங்க.

10. ஏ.பி.எக்ஸ்

பாஸ்பேட் பி.எச் 7.0, 0.5 மில்லிமோலார் அஸ்கார்பேட், 0.1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ, எக்ஸ்ட்ராக்ட், கடைசியா 0.1 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்ஸைடு போட்டு ஆரம்பிங்க. பெராக்ஸைடு போடுறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் 290ல பாருங்க, அஸ்கார்பேட் தானா கொஞ்சம் குறையும், அந்த வேகத்தை கடைசியில கழிக்கணும். பெராக்ஸைடை கேட்டலேஸுக்கு போடுற மாதிரி 10 மில்லிமோலார் போட்டுட்டா ஏ.பி.எக்ஸ் செயலிழந்துடும், பக்கத்து பக்கத்துல ரெண்டு பாட்டிலும் இருந்தா இந்த தப்பு நடக்கும், லேபிள் கலரை மாத்தி வைங்க.

எக்ஸ்ட்ராக்ட்ல இருந்து வர்ற அஸ்கார்பேட்டையும் சேர்த்து கணக்கு வச்சுக்கோங்க, 20 மைக்ரோலிட்டர் போட்டா பெருசா மாறாது, 200 போட்டா மாறும்.

11. கிளூட்டாதயோன் ரிடக்டேஸ், கையாக்கால் பெராக்ஸிடேஸ்

முதலாவதுக்கு 0.2 மில்லிமோலார் என்.ஏ.டி.பி.எச், 0.5 மில்லிமோலார் ஜி.எஸ்.எஸ்.ஜி (ஆக்ஸிஜனேற்றம் ஆன கிளூட்டாதயோன்), 340ல இறக்கம். ஜி.எஸ்.எஸ்.ஜி போடாம ஒரு பிளாங்க் ஓட்டி கழிச்சுடுங்க. ரெண்டாவதுக்கு 470ல ஏற்றம், மாறிலி (1 சென்டிமீட்டர் குவெட்ல 1 மில்லிமோலார் எவ்வளவு ஒளியை உறிஞ்சும்ங்கிற எண்) 26.6. பெராக்ஸிடேஸ் செல் சுவர்லயும் இருக்கு, கரையுற பாகத்தை மட்டும் அளந்துட்டு மொத்தம்னு எழுதாதீங்க.

12. கணக்கு

ஏ.பி.எக்ஸ் உதாரணம். 1 மில்லி கலவை, நிமிஷத்துக்கு இறக்கம் 0.056, பிளாங்க் கழிச்ச பிறகு. மாறிலி 2.8, அதாவது 0.056 / 2.8 = 0.02 மில்லிமோலார். 1 மில்லியில அது 0.02 மைக்ரோமோல். 20 மைக்ரோலிட்டர் எக்ஸ்ட்ராக்ட் போட்டோம், புரதம் மில்லிக்கு 2 மில்லிகிராம், அப்போ 0.04 மில்லிகிராம். 0.02 / 0.04 = புரதம் 1 மில்லிகிராமுக்கு நிமிஷத்துக்கு 0.5 மைக்ரோமோல்.

கேட்டலேஸுக்கு மாறிலி 43.6, ஆனா அது மோலாருக்கு, மில்லிமோலாருக்கு 0.0436. இந்த ஆயிரம் மடங்கு தப்பு ரொம்ப அதிகமா நடக்குற ஒண்ணு.

புரதத்துக்கு மட்டும் கணக்கு போடாம ஈர எடைக்கும் போட்டுப் பாருங்க. ஸ்ட்ரெஸ்ல மொத்த புரதமே குறைஞ்சா, மில்லிகிராமுக்கு ஆக்டிவிட்டி ஏறின மாதிரி தெரியும், என்சைம் அப்படியே இருந்திருக்கும். ஒரே எக்ஸ்ட்ராக்ட்டை மூணு தடவை அளந்தா அது மூணு ரெப்ளிகேட் இல்ல, மூணு தனி செடி, தனி ட்ரீட்மென்ட், தனி அரைப்பு வேணும்.

13. நேரடி விளைவுதானான்னு உறுதி பண்றது

ஆக்டிவிட்டி மாறியிருந்தா அடுத்த கேள்வி, ஜீனா புரதமா. சைக்ளோஹெக்ஸிமைடு குடுத்து புரதத் தயாரிப்பை நிறுத்தின செட்லயும் அதே மாற்றம் வந்தா புது புரதம் காரணம் இல்ல. கூடவே அந்த ஜீனோட மெசேஜ் (எம்.ஆர்.என்.ஏ) அளவு பாக்க ஆர்.டி-கியூ.பி.சி.ஆர், முடிஞ்சா புரத அளவு பாக்க வெஸ்டர்ன் பிளாட். மெசேஜ் ஏறலை, புரதம் ஏறலை, ஆக்டிவிட்டி மட்டும் ஏறியிருக்குன்னா அப்போதான் மாற்றம் புரதத்து மேல நடந்திருக்குன்னு பேச ஆரம்பிக்கலாம்.

சுத்தம் பண்ணின என்சைம் கிடைச்சா நேராவே பாருங்க. 0.5 மில்லிமோலார் ஜி.எஸ்.என்.ஓ கூட இருட்டுல 30 நிமிஷம், காலம் வழியா விட்டு மிச்சத்தை எடுத்து, அளவு பாக்கணும். கண்ட்ரோலுக்கு அதே அளவு கிளூட்டாதயோன். ஒரு பாகத்தை டி.டி.டி போட்டு திரும்ப அளக்கணும், பழைய நிலைக்குத் திரும்பினா சிஸ்டீன் விஷயம். பெராக்ஸிநைட்ரைட் விளைவைப் பாக்க சின்-1 எடுக்கலாம், அது சூப்பர் ஆக்ஸைடையும் நைட்ரிக் ஆக்ஸைடையும் சேர்த்து விடும். அதுல குறைஞ்சு டி.டி.டில திரும்பலைன்னா நைட்ரேஷனைச் சந்தேகப்படுங்க, நைட்ரோடைரோசின் ஆன்டிபாடி வச்சு உறுதி பண்ணுங்க. இந்த ஸ்டெப்புக்கு எஸ்.என்.பி வேண்டாம், குழாய்க்குள்ள சயனைடுக்கு முன்னாடி என்சைம் நேரா நிக்கும்.

14. ரிசல்ட்டைப் படிக்கிறது

என்சைம் ரீடிங் பக்கத்துலேயே ஹைட்ரஜன் பெராக்ஸைடும் எம்.டி.ஏவும் (மாலோன்டைஆல்டிஹைடு, செல் சவ்வுல கொழுப்பு சேதமானதைக் காட்டுற பொருள்) வச்சுப் படிங்க. எம்.டி.ஏ 532ல எடுத்து 600 ரீடிங்கைக் கழிக்கணும், மாறிலி 155.

என்சைம் ஏறி, பெராக்ஸைடும் எம்.டி.ஏவும் இறங்கியிருந்தா பாதுகாப்பு என்சைம் வழியா வந்ததுன்னு சொல்ல இடம் இருக்கு. என்சைம் மாறாம அல்லது இறங்கி, பெராக்ஸைடும் இறங்கியிருந்தா முதல் வழியை நினைங்க, நைட்ரிக் ஆக்ஸைடே சூப்பர் ஆக்ஸைடை எடுத்திருக்கும், எஸ்.ஓ.டிக்கு வேலை குறைஞ்சிருக்கும். கேட்டலேஸ் இறங்கி ஏ.பி.எக்ஸ் ஏறியிருந்தா பதறாதீங்க, பெராக்ஸைடு கொஞ்சம் தேங்கி அது சிக்னலா வேலை செஞ்சு ஏ.பி.எக்ஸ் ஜீனை எழுப்பியிருக்கலாம், 1 மணி சாம்பிளையும் 12 மணி சாம்பிளையும் பக்கத்துல வச்சா வரிசை தெரியும். எல்லா என்சைமும் ஏறி, எம்.டி.ஏவும் ஏறியிருந்தா டோஸ் அதிகம், செடி தவிக்குது, பைலட் வளைவுக்குத் திரும்பிப் போய் கீழ இறங்குங்க.

தீர்ந்துபோன எஸ்.என்.பி குரூப்லயும் அதே மாற்றம் பாதி அளவுக்கு வந்திருந்தா, அந்தப் பாதியை நைட்ரிக் ஆக்ஸைடு கணக்குல எழுத முடியாது. அப்படி வந்த டேட்டாவை ஓரமா வச்சுட்டு, டி.இ.டி.ஏ-நோனோயேட்ல அதே செட்டை ஒரு தடவை ஓட்டுங்க, கண்ட்ரோலுக்கு முழுசா உடைஞ்ச அதே நோனோயேட் வைங்க. ரெண்டு டோனர்லயும் ஒரே திசையில வந்து, சி-பி.டி.ஐ.ஓ போட்டா திரும்பி வந்த மாற்றத்தை மட்டும் ரிசல்ட்ல எடுத்துக்கோங்க, மீதியை டேபிள்ல அப்படியே போட்டு, எந்த கண்ட்ரோல்ல விழுந்துச்சுன்னு பக்கத்துல எழுதிடுங்க.